சூளையில் எரியாதது

(அரியலூரில் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுண்ணாம்புக்கல் லாரி, நிலக்கரி லாரி, சிமெண்ட் மூட்டை லாரி இவற்றை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். இந்த வரிசையில் இன்னொரு வகை லாரியும் நம் ஊர்ச் சாலைகளில் வருகிறது. தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கும். அபாயகரமான கழிவு என்று எழுதி ஒட்டியிருக்கும். தொழிற்சாலைகள் தங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு மிஞ்சுகிற கசடு அதற்குள் இருக்கிறது. ஆலைக்காரர்கள் ஸ்லட்ஜ் என்பார்கள். அது ஏன் நம் மாவட்டத்துச் சிமெண்ட் சூளையைத் தேடி வருகிறது, அதில் எதைச் சூளை ஒழிக்கும், எதை ஒழிக்காது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இந்தக் கசடு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். உலோகப் பூச்சுப் பூசும் ஒரு பிளேட்டிங் பட்டறைக்குள் போவோம். குழாய், பூட்டு, சைக்கிள் பாகம் என்று எதுவாக இருந்தாலும் நிக்கல் தொட்டியில், குரோமியத் தொட்டியில் முக்கி எடுத்து, அடுத்தடுத்த தண்ணீர்த் தொட்டிகளில் அலசுவார்கள். பூச்சுக்குப் போகாத உலோகம் அலசிய தண்ணீரோடு வெளியேறுகிறது. குரோமியம் அலசிய தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அதில் அமிலம் சேர்த்துச் சோடியம் மெட்டா பைசல்பைட் போட்டால் கண்ணெதிரே மஞ்சள் மங்கிப் பச்சையாகிவிடும். கொடிய வடிவிலிருந்த குரோமியம் சாதுவான வடிவுக்கு இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு சுண்ணாம்புப் பாலோ காஸ்டிக்கோ ஊற்றினால், கரைந்திருந்த உலோகமெல்லாம் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். அந்தக் கூழை ஃபில்டர் பிரஸ்ஸில் ஏற்றி அழுத்துவார்கள். தட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கும்போது துணியில் ஒட்டிய பாளத்தைத் தொழிலாளி சுரண்டித் தள்ளுவார். நிக்கல் மட்டும் இருந்தால் அந்தப் பாளம் வெளிர் பச்சை. தாமிரம் என்றால் நீலம். இரும்பு என்றால் துரு நிறம். எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விட்டிருந்தால் சாணி நிறத்தில் ஒரு பாளம் விழும். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் எடையில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக இன்னும் தண்ணீர்தான்.

அந்தச் சாணி நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரச்சினையின் வேர் அதில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வரும் இரசாயனக் கசடுக்கு முதல் அட்டவணையில் 35.3 என்று ஓர் எண் உண்டு. அப்படிப்பட்ட கசடை உண்டாக்குகிறவர் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எங்கே அனுப்பினாலும் 10ஆம் எண் படிவம் லாரியோடு போக வேண்டும். எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசையையும் அதே விதிகள் வகுத்திருக்கின்றன. கழிவு வராமலே தடுப்பது முதல், வந்தால் குறைப்பது, பிறகு மறுபடி பயன்படுத்துவது, மறுசுழற்சி செய்வது, அதற்கும் பின்னால்தான் சிமெண்ட் சூளை போன்ற இடங்களில் சேர்த்து எரிப்பது, எதற்கும் வழியில்லாதது மட்டும் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாக்கப்பட்ட குழிக்குள் போக வேண்டும். இந்த வரிசையின் நடுப்பகுதியைத் தாண்டிக் குதித்து நேராகச் சூளைக்கு வந்துவிடும் பழக்கம் பெருகுகிறது. என் கவலை அதுதான்.

சூளையை நான் குறை சொல்ல வரவில்லை. அது அருமையான சாதனம். உள்ளே கல் 1450 டிகிரி வரை சூடேறுகிறது. தீச்சுடர் 2000 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த வெப்பத்தில் காற்று பல விநாடிகள் தங்கிப் போகிறது. எண்ணெய், பெயிண்ட், கரைப்பான், சாயம் எதுவானாலும் மூலக்கூறு உடைந்து சிதறிவிடும். நம் மண்ணுக்கடியில் கிடப்பதோ ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் விட்டுப்போன சுண்ணாம்பு. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் சிப்பிச் சிப்பியாகப் பார்த்திருப்பீர்கள். எரியும்போது வரும் அமில வாயுக்களை அந்தச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்கிறது. தனியாகக் கட்டும் எரி உலைக்கு இந்த வசதி இல்லை. கடைசியில் சாம்பல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை, எல்லாம், அரைத்துச் சிமெண்டாக்கும் கிளிங்கர் கட்டிகளுக்குள் போய்விடுகிறது. கழிவைச் சூளையில் சேர்த்து எரிக்கும் முறை நாட்டில் தொடங்கிய காலத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையில் நடந்த சோதனைகளில் நம் ரெட்டிப்பாளையம் சிமெண்ட் ஆலையும் இடம்பெற்றது. வாகனத் தொழிற்சாலையின் பெயிண்ட் கசடையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கசடையும் அங்கே எரித்துப் பார்த்தார்கள். அந்த வகைக் கசடுக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் உலோகம் எரியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஈயத்தை 2000 டிகிரியில் வைத்தாலும் ஈயம்தான். பாதரசத்தைத் தீயில் போட்டாலும் பாதரசம்தான். சூளைக்குள் போன ஒவ்வொரு கிராம் உலோகமும் ஏதாவது ஒரு வாசல் வழியாக வெளியே வந்தாக வேண்டும். வாசல்கள் மூன்று. பாதரசம் ஆவியாகிப் புகைபோக்கியை நோக்கிப் போகும். காட்மியம், தாலியம், ஈயம் ஆகியவை சூடான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் தூசியில் ஒட்டி, தூசியோடு மறுபடி உள்ளே வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றச் சுற்றத் தூசியில் செறிவு ஏறும். நிக்கல், தாமிரம், குரோமியம் போன்றவை பெரும்பாலும் கிளிங்கரிலேயே தங்கிவிடும். அது மூட்டையில் ஏறி உங்கள் வீட்டுச் சுவருக்கு வந்துவிடும்.

கழிவையும் சேர்த்து எரிக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கு 2016 மே மாதம் மத்திய அரசு தனி வரம்புகள் விதித்தது. புகைபோக்கிக் காற்றில் ஒரு கன மீட்டருக்குப் பாதரசம் 0.05 மில்லிகிராம், காட்மியமும் தாலியமும் சேர்ந்து 0.05, குரோமியம் ஈயம் நிக்கல் உள்ளிட்ட ஒன்பது உலோகங்கள் எல்லாம் சேர்ந்து 0.5 மில்லிகிராம். கடுமையான வரம்புகள்தான், வரவேற்க வேண்டியவை. தூசியையும் சில வாயுக்களையும் கருவி இடைவிடாமல் அளந்து வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உலோகத்துக்கு அப்படி இல்லை. ஆட்கள் புகைபோக்கியில் ஏறி, மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சொன்னால்தான் உண்டு. அதுவும் இடைவெளி விட்டுத்தான். ஆகவே உலோகத்தைப் பொறுத்தவரை உண்மையான காவல் ஆலை வாசலில்தான் நடக்க வேண்டும். லாரி எடைமேடையில் ஏறுவதற்கு முன்பே அதில் எந்த உலோகம் எத்தனை பங்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

குரோமியத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தமிழ்நாட்டுக்கும் குரோமியத்துக்கும் உள்ள உறவு நீண்டது, கசப்பானது.

ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் குரோமைட் தாது கிடைக்கிறது. இந்தியாவின் குரோமைட் ஏறத்தாழ முழுவதும் அங்கேதான். தோல் பதனிட அதிலிருந்து குரோமிய உப்பு செய்ய வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் அதைத்தான் செய்தது. ஆலை மூடியாகிவிட்டது. ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு மட்டும் வளாகத்திலேயே குவியலாக நின்றது. மழை பெய்யும் போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடிக்கு இறங்கியது. பாலாற்றுப் படுகை பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகிவிட்டது, அந்தக் கசிவு இன்னும் தீராத தலைவலி.

இதை ஏன் அரியலூரில் சொல்கிறேன்? அந்த ஆலை செய்த வேலையைக் கவனியுங்கள். குரோமைட்டைச் சோடா உப்போடு கலந்து, காற்றோட்டமுள்ள சுழல் சூளையில் வறுப்பார்கள். காரமும் ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்தால், சாதுவான மூன்று இணைதிறன் குரோமியம், தண்ணீரில் கரையும் நச்சான ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும். அதுவே அந்தத் தொழிலின் அடிப்படை. இப்போது சிமெண்ட் சூளையை நினைத்துப் பாருங்கள். சுழல் சூளை, சுண்ணாம்பு என்ற காரம், வெப்பம், ஆக்சிஜன். நாலும் இருக்கின்றன. பிளேட்டிங் பட்டறையில் மெட்டா பைசல்பைட் போட்டுச் சிரமப்பட்டுப் பச்சையாக்கிய குரோமியத்தை இங்கே கொண்டுவந்து மறுபடி மஞ்சளாக்குகிறோம்.

எல்லாக் குரோமியமும் அப்படி மாறுவதில்லை, ஒரு பங்குதான் மாறும். அந்த ஒரு பங்கு எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 1500 கிலோ மூலப்பொடி தேவை. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 15 கிலோ, உலர்ந்த கசடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கசடில் நூற்றுக்கு ஒரு பங்கு குரோமியம். அப்படியானால் ஒரு டன் கிளிங்கரில் புதிதாக 150 கிராம் குரோமியம் சேர்கிறது. அதில் நூற்றுக்கு இரண்டே பங்கு கரையும் வடிவுக்கு மாறினாலும் 3 கிராம். சிமெண்டில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் வைத்திருக்கும் வரம்பு, டன்னுக்கு 2 கிராம். சாம்பலும் ஜிப்சமும் சேர்வதால் நம் எண் சற்று இறங்கும், சரிதான். ஆனால் கல்லிலும் களிமண்ணிலும் சூளைக்குள் அடுக்கிய செங்கல்லிலும் அரைக்கும் இரும்பு உருண்டையிலும் ஏற்கெனவே குரோமியம் இருக்கிறதே, அதன் மேல்தான் இது சேர்கிறது. நாளைக்கு 3000 டன் கிளிங்கர் எடுக்கும் சூளை என்றால், இந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 450 கிலோ குரோமியம் அதற்குள் போகும்.

ஐரோப்பாவில் ஏன் அப்படி ஒரு வரம்பு வந்தது? கொத்தனார்களின் கைதான் காரணம். ஈரச் சிமெண்டில் கை வைத்து வேலை செய்கிறவர்களுக்குத் தோல் வெடித்து, சிவந்து, அரித்து, நீர் கோத்துக்கொள்ளும். சுண்ணாம்பின் காரத்தால் வரும் புண் ஒரு வகை. அது வேலையை விட்டால் ஆறிவிடும். குரோமியத்தால் வரும் ஒவ்வாமை அப்படியல்ல. உடம்பு ஒருமுறை பழகிவிட்டால் பிறகு எப்போது சிமெண்டைத் தொட்டாலும் கிளம்பும். பல பேர் தொழிலையே விட நேர்கிறது. டென்மார்க் 1980களின் தொடக்கத்திலேயே சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்த்து இந்தக் குரோமியத்தைக் குறைக்கச் சொன்னது. கட்டடத் தொழிலாளர்களின் தோல் நோய் அதற்குப் பிறகு நன்றாகக் குறைந்தது. இந்த அரங்கில் கொத்தனார்கள், சித்தாள்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கை அரிப்பை இந்தத் தொழிலில் இருக்கிற வழக்கமான தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். அரிப்பு வேலை இல்லாத நாளிலும் நீடித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், சிமெண்ட் வேலை என்பதைச் சொல்லி ஒவ்வாமைச் சோதனை கேளுங்கள். சிமெண்டை நீரில் கலக்கி, வடிகட்டி, அமிலமாக்கி, டைபினைல் கார்பசைடு என்ற கரைசலைச் சில துளி விட்டால், ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் கத்தரிப்பூ நிறம் தோன்றும். ஒரு கல்லூரி ஆய்வகமே செய்துவிடலாம். அரியலூர், பெரம்பலூர் மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளும் ஆண்டுதோறும் கடையில் மூட்டை வாங்கி இந்தச் சோதனையைச் செய்து முடிவை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, குரோமியக் கசடைச் சூளைக்கு அனுப்பாமல் வேறென்ன செய்வது? விடை நம்மிடமே இருக்கிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே வழி காட்டிவிட்டது. தோல் பதனிடும்போது போடுகிற குரோமிய உப்பில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும். மிச்சம் உருளையிலிருந்து வடியும் நீலப்பச்சைத் தண்ணீரில் போய்விடும். அந்த வடிநீரை மட்டும் தனிக் குழாயில் பிடித்து மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் கெட்டியாக அடியில் இறங்கும். மேல்நீரை வடித்துவிட்டுக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி குரோமிய உப்பு, புதிய உப்போடு கலந்து அடுத்த உருளைக்குப் போடலாம். வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பல இதைச் செய்கின்றன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு, வீணாகும் குரோமியத்தின் விலை முதலாளிகளுக்கும் உறைக்கத் தொடங்கியது.

இந்த முறையில் பெரிய விஞ்ஞானம் ஏதுமில்லை. தனிக் குழாய் ஒன்றுதான் இதன் உயிர். குரோமிய வடிநீரை ஊறல் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், கழிவறைத் தண்ணீரோடு கலந்துவிட்ட பிறகு எந்த ஆராய்ச்சி நிறுவனமும் அதை இலாபமாக மீட்டுத் தர முடியாது. அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்த பிறகு பிரித்துக் கேட்டால் எப்படி? பிளேட்டிங் பட்டறைக்கும் இதே நியாயம்தான். நிக்கல் அலசல் தனி, குரோமிய அலசல் தனி, துத்தநாக அலசல் தனி என்று மூன்று தொட்டி வைத்தால் மூன்றும் பண்டம். மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்ட் சுரங்கத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு தாமிரமுள்ள பாறையை வெட்டி எடுத்து உருக்குகிறோம். தாமிரப் பூச்சுப் பட்டறையின் தனிக் கசடை உலர்த்தினால் அதைவிடப் பல மடங்கு உலோகம் அதில் இருக்கும். நிக்கலை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டே நிக்கல் கசடைச் சூளையில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

திருப்பூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டும் விடாத முறைக்கு அவர்கள் மாறினார்கள். தண்ணீர் திரும்பக் கிடைத்தது, கசடு மிஞ்சியது. சாயக் கசடில் சுண்ணாம்பும் இரும்பும் அதிகம்; சிமெண்டுக்கு அவை தேவையானவைதாம். அதனால் அந்தக் கசடு சிமெண்ட் ஆலைகளுக்குப் போவதில் நியாயம் உண்டு. ஆனால் சில நீலச் சாயங்களில் தாமிரம் இருக்கும், சில கருஞ்சாயங்களில் குரோமியம் இருக்கும். அத்தகைய சாயத்தை வாங்காமலிருப்பதே அங்கே முதல் மருந்து. உப்பு மிஞ்சிய கசடு வந்தால் சூளையின் மேலடுக்குகளில் குளோரைடு படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் ஆலைக்காரர்களே உப்பைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். சூளை அடைத்தால் உற்பத்தி நிற்குமே. குரோமியம் சூளையை அடைப்பதில்லை. அதற்கு அந்த அளவு கண்டிப்பு தானாக வராது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். இன்னொன்று, கசடு அங்கேயே வெயிலிலோ கழிவு வெப்பத்திலோ உலர்ந்து வர வேண்டும். முக்கால் பங்கு தண்ணீரை லாரியில் ஏற்றி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து, நம் சாலையில் சிந்தி, நம் நிலக்கரியால் கொதிக்க வைப்பதில் யாருக்கு என்ன பயன்?

நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். அபாயகரமான கழிவைக் கையாளும் ஆலை எதுவானாலும், என்ன கழிவு, எவ்வளவு என்ற விவரத்தை வாசலுக்கு வெளியே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அந்தப் பலகையைப் போய்ப் படியுங்கள். அழிந்திருந்தால், பழைய தேதி இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். ஆண்டுதோறும் ஆலை வாரியத்துக்குத் தரும் 4ஆம் எண் படிவத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கேட்கும்போது மொத்த டன் கணக்கு மட்டும் போதாது. எந்த ஊரின் எந்தத் தொழிலிலிருந்து வந்தது, அதன் குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் எத்தனை என்ற பகுப்பாய்வு அறிக்கை, சூளைத் தூசி எங்கே போகிறது என்ற விவரம், புகைபோக்கி உலோக அளவீட்டின் நகல், இந்த நான்கையும் கேளுங்கள். வெட்டி முடித்த சுண்ணாம்புக்கல் பள்ளங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அவற்றில் தேங்கும் நீரைக் கால்நடை குடிக்கிறது, கோடையில் சில ஊர்களுக்கு அதுவே துணை. அந்தப் பள்ளங்களின் அருகே தார்ப்பாய் லாரி நின்றால் ஊராட்சித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். அத்தகைய லாரிக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது.

பெரம்பலூர் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பக்கம் நாரணமங்கலத்தில் டயர் ஆலை வந்துவிட்டது. 2022 நவம்பரில் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கி, காலணித் தொழில் வருகிறது. வேலை கிடைக்கிறது, மகிழ்ச்சி. காலணிக்குக் கொக்கியும் வளையமும் வேண்டும், அச்சுகள் வேண்டும், அவற்றுக்கு உலோகப் பூச்சு வேண்டும். அந்தத் துணைத் தொழில்கள் பின்னாலேயே வரக்கூடும். எல்லார் தண்ணீரையும் ஒரே குழாயில் வாங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று கட்டிவிட்டால், சாணி நிறக் கசடு அன்றே உறுதியாகிவிடும். அதை மீட்கவும் முடியாது, அது அறுபது எழுபது கிலோமீட்டர் பயணம் செய்து இங்கே சூளைக்குத்தான் வரும். பூச்சுத் தொழில்களுக்குத் தனி வளாகம், ஒவ்வோர் உலோகத்துக்கும் தனிக் குழாய், அங்கேயே உலோகம் மீட்கும் அலகு, அதன் பிறகு மிஞ்சும் கசடுக்கு மட்டும் சூளை. இதை மனைப்பிரிவு வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லி, தொழில் வரும் முன்பே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். அந்த மனுவை எழுதித் தரச் சொன்னால், வாசகங்களோடு எழுதித் தர நான் இருக்கிறேன்.